வெற்றுக் குறுவட்டும் வீட்டுக் குரல்களும்



நம் நாட்டுத் தமிழர் வீடுகள் பலவற்றில், தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழேயுள்ள இழுப்பறையில் ஒரு கட்டுக் குறுவட்டுகள் இருக்கும். ‘அக்கா கல்யாணம் 2004’, ‘பாட்டி தாலாட்டு’, ‘அப்பா மேடைப்பேச்சு’ என்று மேலே நீல மையில் எழுதியிருப்பார்கள். 1990களின் இறுதியில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்காலம், ஒலிநாடாவிலும் ஒளிநாடாவிலும் இருந்த குடும்பக் குரல்களையெல்லாம் இவ்வட்டுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். இனி அழிவில்லை என்று நம்பி மூல நாடாக்களைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இருந்ததா என்பது, வட்டில் பதிவு செய்த நாளில் தீர்மானிக்கப்பட்டதன்று. அந்த வெற்று வட்டு எந்த ஆலையில் வார்க்கப்பட்டதோ அங்கேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டது. அந்த ஆலைகளின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மின்னணுவியல் கற்றவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற தொடக்கப்பள்ளி ஆசிரியன். தம் குடும்பத்து மூத்தோரிடம் தோட்டப்புறக் கதைகளைக் கேட்டு எழுதி வருமாறு ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பணி கொடுப்பது என் வழக்கம். கதை சொல்லப் பாட்டனும் பாட்டியும் உயிரோடு இல்லாத வீடுகளிலிருந்து, அவர்களுக்குப் பதிலாகக் குறுவட்டுகள் வரத் தொடங்கின. சில வட்டுகள் புதிதாக வாங்கியவைபோல் பாடின. சில, கணினியில் இட்டவுடன் முனகிவிட்டு வெளியே வந்தன. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஏன் இப்படி என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அதை அறிமுகம் செய்தது. பிற்பாடு தோட்ட லயங்களுக்கும் ‘டேப்’ வந்து சேர்ந்தது. பதிவு செய்ய ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். எழுத்தறியாத பாட்டியின் தாலாட்டும், துக்க வீட்டு ஒப்பாரியும், கோயில் திருவிழாவின் உறுமி மேளமும், சப்பானியர் காலத்தில் சயாமுக்குப் போய் மீண்ட பெரியவரின் வாய்மொழியும் அப்பொத்தானால் தப்பிப் பிழைத்தவை. ஆனால் நாடாவுக்கு நம் தட்பவெப்பம் ஆகாது. ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் நாடாச் சுருளின்மேல் வெண்பூஞ்சை படரும். சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்நிலையில் குறுவட்டு வந்தபோது அதை ஒரு விடுதலையாகவே வரவேற்றோம்.

சோனியும் பிலிப்சும் சேர்ந்து உருவாக்கிய குறுவட்டு 1982 அக்டோபரில் சப்பானில் விற்பனைக்கு வந்தது. கடையில் வாங்கும் பாட்டு வட்டில் ஒலி என்பது நுண்ணிய குழிகள். அவற்றை ஆலையிலே அச்சுப்போல் அழுத்தி, மேலே அலுமினியம் பூசிவிடுவார்கள். அது அச்சிட்ட நூலைப் போன்றது. வீட்டில் நாம் எழுதும் வட்டோ கையெழுத்துப் படி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததாலேயே, பாட்டு வட்டின் ஆயுள் எழுதும் வட்டுக்கும் உண்டென்று எண்ணிக்கொண்டோம்.

எழுதும் வட்டை ஆக்கித் தந்தது தையோ யூடென் என்னும் சப்பானிய நிறுவனம். 1950-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் அடிப்படையில் மின்தேக்கி போன்ற சிறு மின்னணு உறுப்புகளைச் செய்வது. இசைத்தட்டுத் தொழிலுக்கு அயலார் என்றே சொல்லலாம். எமிகோ ஹமாடா என்னும் பெண் ஆய்வாளர் இடம்பெற்ற குழு அங்கே ஒரு கடினமான கணக்கைத் தீர்த்தது. சாதாரண குறுவட்டுக் கருவி ஒரு வட்டைப் படிக்க வேண்டுமானால், அதன்மேல் விழும் லேசர் ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காடு திரும்பி வர வேண்டும். எழுதுவதற்கோ, அதே ஒளியை உறிஞ்சிச் சூடேறும் ஒரு பொருள் வேண்டும். உறிஞ்சவும் வேண்டும், திருப்பி அனுப்பவும் வேண்டும். பாலிகார்பனேட் தட்டின்மீது மெல்லிய சாயப் படலம், அதன்மீது பொன் படலம், அதன்மீது மெருகுப் பூச்சு என்று அவர்கள் அடுக்கினார்கள். எழுதும்போது வலுவான கதிர் சாயத்தைப் பொசுக்கிப் புள்ளியிடும். படிக்கும்போது மெல்லிய கதிர் அப்புள்ளிகளைக் குழிகள் என்றே எண்ணிக்கொள்ளும். 1988-இல் இம்முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சோனியும் பிலிப்சும் ‘ஆரஞ்சுப் புத்தகம்’ என்ற பெயரில் இதற்கான தரவரையறையை வகுத்தன.

பொன் என்றது உவமைக்காக அன்று, மெய்யான தங்கமே. அலுமினியம் சாயத்தோடு ஒத்துப்போகவில்லை. தங்கம் துருவேறாது. ஆகவே தொடக்கக் கால வட்டுகள் பொன்னிறத்தில் மின்னின. அவற்றை எழுதும் கருவியோ சாமானியர் தொட முடியாத விலையில் இருந்தது. 1995-இல் ஹியூலட் பேக்கர்டு நிறுவனம் அமெரிக்க வெள்ளி 1,000-க்குக் கீழே ஒரு கருவியைக் கொண்டு வந்த பிறகே வீட்டுக் கணினிகளுக்கு இது வரும் என்ற பேச்சு எழுந்தது. நம் பக்கத்துக்கு வருவதற்குள் நூற்றாண்டு முடிந்துவிட்டது.

விலை இறங்கியதற்கு ஒரு காரணம், தங்கத்துக்குப் பதில் வெள்ளியைப் பூசத் தொடங்கியது. வெள்ளி ஒளியை நன்றாகவே திருப்பும். ஆனால், காற்றிலுள்ள கந்தகம் பட்டால் கறுத்துப்போகும். வீட்டுக் குத்துவிளக்கருகே வைத்த வெள்ளிக் கிண்ணத்தைத் துலக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வட்டின் மெருகுப் பூச்சு ஓரத்தில் சரியாக மூடாவிட்டால் அவ்வழியே காற்று நுழையும்.

சாயத்திலும் மூன்று குலங்கள் உண்டு. தையோ யூடென் பயன்படுத்தியது சயனின். அது நீலச்சாயல் கொண்டது. பொன் படலத்தோடு சேரும்போது பச்சையாகத் தெரியும். கதிருக்கு எளிதில் இணங்கும், எல்லாக் கருவிகளிலும் நன்கு எழுதும். ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும். மிட்சுயி நிறுவனம் கொண்டு வந்தது தாலோசயனின். ஏறக்குறைய நிறமே இல்லாதது. ஒளியையும் வெப்பத்தையும் நெடுங்காலம் தாங்குவது. மூன்றாவது மிட்சுபிசி கெமிக்கல் உருவாக்கிய அசோ சாயம். ஆழ்ந்த நீல நிறம். வெர்பாட்டிம் என்ற பெயரில் விற்ற வட்டுகள் இச்சாயத்தால் பெயர் பெற்றன. வெர்பாட்டிம் நிறுவனத்தைக் கோடாக்கிடமிருந்து மிட்சுபிசி 1990-இல் வாங்கியிருந்தது.

இனி வருவதுதான் வாங்குவோர் பெரும்பாலும் அறியாத செய்தி. பெட்டியில் அச்சிட்ட பெயரும் வட்டைச் செய்த ஆலையும் ஒன்றல்ல. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெற்று வட்டுத் தொழில் தைவானுக்குப் பெயர்ந்தது. ரைடெக், சிஎம்சி மேக்னெடிக்ஸ் ஆகிய நிறுவனங்கள் உலகத்துக்கே வார்த்துத் தள்ளின. இந்தியாவில் நொய்டாவில் இயங்கிய மோசர் பேரும் அப்பட்டியலில் பெரிய பெயர். பின்னாளில் தமிழ்நாட்டில் மலிவு விலைத் திரைப்பட வட்டுகளால் மக்களுக்கு அறிமுகமான அதே மோசர் பேர். புகழ்பெற்ற பெயர்களைத் தாங்கிய பல நிறுவனங்கள் சொந்தமாக வட்டு வார்க்கவே இல்லை. இவ்வாலைகளிடம் வாங்கித் தம் பெயரை அச்சிட்டன. இந்த மாதம் ஓர் ஆலை, அடுத்த மாதம் மற்றோர் ஆலை. பெட்டியும் பெயரும் மாறா; உள்ளே சாயம் மாறியிருக்கும். ‘சென்ற முறை வாங்கியது நன்றாக இருந்ததே’ என்று அதே பெயரை மீண்டும் வாங்கியவர் ஏமாந்ததற்கு இதுவே காரணம்.

ஆலையை அறிய ஒரு வழி இருந்தது. வெற்று வட்டிலும் ஒரு சுருள் தடம் முன்கூட்டியே வார்க்கப்பட்டிருக்கும். அத்தடம் நேராக ஓடாமல் மிக நுண்ணியதாக நெளியும். அந்நெளிவுக்குள் நேரக்குறிப்பும், வட்டின் வகையும், செய்தவரின் குறியெண்ணும் பொதிந்திருக்கும். நீரோ போன்ற மென்பொருள்கள் அதைப் படித்துக் காட்டும். 97 நிமிடம் 24 வினாடி 01 என்று வந்தால் தையோ யூடென். 97-15-17 என்றால் ரைடெக். 97-26-66 என்றால் சிஎம்சி. மாட்டுக்குச் சூட்டுக்குறி போல இது வட்டின் பிறப்பிடத்தைச் சொல்லியது. இதற்கும் போலி வந்தது என்பது வேறு கதை! தையோ யூடென் குறியைத் தாங்கிய, தையோ யூடென் செய்யாத வட்டுகளும் உலவின. விவரமறிந்தோர் பெட்டியில் ‘சப்பானில் செய்யப்பட்டது’ என்ற வரியைத் தேடினர். ஈரடுக்கு டிவிடி வட்டுகளில், மிட்சுபிசியின் சிங்கப்பூர் ஆலையில் செய்தவற்றைத் தேடிப் பிடிப்போர் உலகெங்கும் இருந்தனர். அண்டை வீட்டில் விளைந்த நல்ல சரக்கு. நம்மில் பலருக்கு அது தெரியாது.

நம் நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. இம்பி பிளாசாவிலும் லோயாட் பிளாசாவிலும் பெயருள்ள வட்டுகள் கிடைத்தன. சிற்றூர்களில் நமக்கு வாய்த்தவை பாசார் மாலாமிலும் கைப்பேசிக் கடைகளிலும் நெகிழித்தண்டில் ஐம்பது ஐம்பதாகக் கோத்து விற்ற, பெயரற்ற வட்டுகள்தாம். ஒன்று ஒரு வெள்ளிக்கும் குறைவு. அன்று திருட்டு வட்டுத் தொழில் இங்கே கொடிகட்டிப் பறந்தது. அதைக் கட்டுப்படுத்த அரசு 2000-ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டத்தை இயற்றி, வட்டு வார்க்கும் ஆலைகள் உரிமம் பெற வேண்டும் என்றும் தயாரிப்பாளர் குறியீடு இட வேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டத்தின் கவலை படைப்புரிமை. வட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

தரங்குறைந்த வட்டு உடனே காட்டிக்கொடுத்திருந்தால் இத்தனை இழப்பு நேர்ந்திராது. குறுவட்டின் பெருமையே அதன் பிழைதிருத்தும் முறைதான். ஒலித்தரவைக் கலைத்துப் பரப்பி, கூடவே சரிபார்ப்பு எண்களையும் சேர்த்து எழுதுவதால், தடத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளம் அழிந்தாலும் கருவி அதைக் கணக்கிட்டு மீட்டுவிடும். தரவரையறை, வினாடிக்கு 220 பிழைகள்வரை பொறுத்துக்கொள்கிறது. ஆக, வட்டு உள்ளுக்குள் ஆண்டுதோறும் நலிந்துகொண்டே வரும். நம் காதுக்கோ எக்குறையும் தெரியாது. திருத்தும் ஆற்றலின் எல்லையைத் தாண்டும் நாளில்தான் ‘டிக்டிக்’ ஒலி கேட்கும். அடுத்த ஆண்டு வட்டே திறக்காது. கறையான் அரித்த நிலைக்கதவைப்போல, வண்ணம் கெடாமல் நின்று ஒருநாள் உதிர்ந்துவிடுகிறது.

அறிஞர்கள் எச்சரிக்காமல் இல்லை. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2003-இல் ஃபிரெட் பயர்ஸ் எழுதிய பராமரிப்பு வழிகாட்டியை வெளியிட்டது. 4 முதல் 20 பாகை செல்சியசுக்குள், 20 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைக்க வேண்டும் என்கிறது அது. நண்பகலில் 32 பாகை தகிக்கும் நம் தகரக்கூரை வீட்டு இழுப்பறையை எண்ணிப் பாருங்கள். அதே கழகம் 2004-இல் வெளியிட்ட சோதனை முடிவில், தாலோசயனின் சாயமும் பொன்னும் வெள்ளியும் கலந்த படலமும் கொண்ட வட்டுகளே வெப்பம், ஈரப்பதம், ஒளி ஆகியவற்றை நன்கு தாங்கின. 2006-இல் யுனெஸ்கோ கெவின் பிராட்லியின் அறிக்கையை வெளியிட்டது. எழுதும் வட்டுகளை மட்டுமே நம்பி ஆவணங்களைக் காப்பதிலுள்ள இடர்களை அது விரிவாக எடுத்துரைத்தது. இவையெல்லாம் நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் சென்ற செய்திகள். தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்திடம் இதை யாரும் வந்து சொல்லவில்லை.

என்னிடம் வந்த வட்டுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாணவி ஒருத்தியின் தாயார் கொண்டு வந்தார். “சார், எங்க தாத்தா பேசுனது இதுலதான் இருக்கு. கொஞ்சம் பாத்துக் குடுங்க,” என்றார். கெடா மாநிலத் தோட்டமொன்றிலிருந்து 1943-இல் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டவர் அவர். 1942-க்கும் 1943 அக்டோபருக்கும் இடையில் சப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில், மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் மாண்டனர். போர்க்கைதிகளாக இருந்த வெள்ளையருக்குக் கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. அங்குள்ள கற்களில் பெயர்கள் உள்ளன. நம்மவர் பெயர்கள் இருந்த இடம் பெரும்பாலும் மீண்டு வந்தவர்களின் நெஞ்சு மட்டுமே.

பெரியவரின் பேச்சை 1990களில் உறவினர் ஒருவர் நாடாவில் பதிந்திருக்கிறார். 2005-இல் ஒரு கடையில் கொடுத்துக் குறுவட்டாக மாற்றினார்களாம். வீடு மாறும்போது நாடா போய்விட்டது. வட்டில் 78 நிமிடப் பேச்சு. பெயரில்லா வட்டு, மேலே வட்டமாக ஒரு காகித வில்லை. முதல் ஒரு மணி நேரம் தெளிவாகவே ஓடியது: இரயில் பெட்டியில் ஏற்றியது, மூங்கில் கொட்டகை, வாந்திபேதி. பின்னர் அவர், தம் லயத்திலிருந்து சென்று திரும்பாதவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குகிறார். 61-ஆம் நிமிடத்தில் குரல் உடைந்து இரைச்சலாகிறது.

குறுவட்டு உள்ளிருந்து வெளிப்புறமாக எழுதப்படுவது. பேச்சின் முடிவு வெளியோரத்தில் அமையும். மெருகுப் பூச்சின் குறை முதலில் தலைகாட்டுவதும், சாயம் சீராகப் பரவாமல் போவதும் அந்த ஓரத்தில்தான். மூன்று கருவிகளில் முயன்றேன். கருவிக்குக் கருவி படிக்கும் திறன் வேறுபடும் என்பதால், பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய எழுதுகருவி ஒன்று நான்கு நிமிடம் கூடுதலாகப் படித்தது. இன்னும் இரண்டு பெயர்கள் கிடைத்தன. அம்மையார் அவற்றைக் கேட்டதும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இரண்டாவது பெயர் அவர் கணவரின் பெரியப்பாவுடையது. மீதி 13 நிமிடத்தில் எத்தனை பெயர்கள் இருந்தனவோ.

இதற்கிடையே ஆலைகளும் ஒவ்வொன்றாக மூடின. தையோ யூடென் 2015 இறுதியோடு வட்டுத் தொழிலை விட்டு விலகியது. மோசர் பேர் 2018-இல் கலைப்புக்குச் சென்றது. மிட்சுபிசி 2019-இல் வெர்பாட்டிம் தொழிலைத் தைவானின் சிஎம்சிக்கு விற்றுவிட்டது. பானசோனிக் 2023-இலும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதத்தக்க புளூரே வட்டுகளைச் செய்வதை நிறுத்தின. சாயத்தை விட்டுவிட்டுக் கல்போன்ற கனிமப் படலத்தில் எழுதும் எம்-டிஸ்க் என்னும் வட்டை ஆக்கிய மில்லேனியாட்டா நிறுவனமும் 2016-இல் நொடித்தது. அப்பெயரில் வட்டுகள் வேறொருவரால் தொடர்ந்து விற்கப்பட்டன. புதிய மடிக்கணினிகளில் வட்டைச் செருகும் வாயே இல்லை.

ஆகவே இன்று ‘எந்த வெற்று வட்டு நல்லது’ என்று கேட்போர்க்கு என் விடை சுருக்கமானது. பொன் படலமும் தாலோசயனின் சாயமும் கொண்ட வட்டு, அல்லது எம்-டிஸ்க் கிடைத்தால் வாங்குங்கள். ஒலிவட்டாக எழுதாமல் தரவு வட்டாக எழுதுங்கள். தரவு முறையில் இன்னோர் அடுக்குப் பிழைதிருத்தம் உண்டு. 48 மடங்கு வேக வட்டை ஆகக் குறைந்த வேகத்தில் எழுதினால் நல்லது என்பது பழங்காலத்துச் சாயத்துக்குப் பொருந்திய விதி; நடுத்தர வேகமே போதும். எழுதியபின் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் வட்டு மூன்றாவது படியாக மட்டும் இருக்கட்டும். முதற்படி வன்தட்டில், இரண்டாம்படி வேறொரு வீட்டிலுள்ள இன்னொரு வன்தட்டில். விரலியை நெடுநாள் காப்புக்கு நம்ப வேண்டா. சுருக்கப்படாத வேவ் கோப்பாக வைத்திருங்கள். நாடா இன்னும் கையில் இருப்பவர்கள், பன்னாட்டு ஒலிக்காப்பகச் சங்கம் குறைந்த அளவாகக் கூறும் 48 கிலோஹெர்ட்சு, 24 பிட் தரத்தில் நேரடியாக மாற்றுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப்படியில் கைவைக்காதீர்கள். அவ்வேலையை ஒரு நகலில் செய்துகொள்ளலாம். ஓலைச்சுவடிகளும் படியெடுத்துப் படியெடுத்தே நம் கைக்கு வந்தன.

வீட்டிலுள்ள பழைய வட்டுகளைப் பொறுத்தவரை, யூஎஸ்பி எழுதுகருவி கடைகளில் கிடைக்கும்போதே ஒன்று வாங்கிவிடுங்கள். ஒலிவட்டாக இருந்தால், எக்சாக்ட் ஆடியோ காப்பி என்னும் இலவச மென்பொருள் ஒரே இடத்தைப் பலமுறை படித்து ஒப்பிட்டு எடுக்கும். ஒரு கருவி கைவிட்டால் இன்னொன்றில் முயலுங்கள். அடிப்பக்கக் கீறலுக்கு அஞ்ச வேண்டா, மெருகேற்றிப் படிக்க வழியுண்டு. குறுவட்டின் உயிர் மேற்பக்கத்தில், எழுத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்கிறது. பெட்டியிலிருந்து, மேலே காகித வில்லை ஒட்டிய வட்டுகளை முதலில் எடுங்கள். வில்லை பிதுங்கியோ சுருங்கியோ இருந்தாலும் அதை உரிக்காதீர்கள், எதிரொளிப் படலமும் சேர்ந்து கையோடு வந்துவிடும்.